மழையில் கிடைத்த 290 கிராம் பூனைக்குட்டி பால் குடிக்க மறுக்கிறது: என்ன செய்வது?

வெண்ணாறு | நவம்பர் 18, இரவு 7.50

வணக்கம். இன்று மாலை மழை சற்று விட்டிருந்த நேரத்தில், எங்கள் வயலின் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாக ஒரு பூனைக்குட்டியைக் கண்டெடுத்தேன். தாய்ப்பூனை இரை தேடிப் போயிருக்கக்கூடும் என்று எண்ணி ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி நின்று பார்த்தேன். எதுவும் வரவில்லை, மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. ஆகவே துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சமையலறைத் தராசு 290 கிராம் காட்டுகிறது. கண்கள் திறந்திருக்கின்றன, இடது கண்ணில் பீளை கட்டியிருக்கிறது. முன்பற்களும் கோரைப்பற்களும் முளைத்துவிட்டன. முதுகெலும்பை விரலால் எண்ணிவிடலாம் போல உடம்பு ஒட்டிக் கிடக்க, வயிறு மட்டும் உப்பலாக இருக்கிறது. கத்துவதற்கு வாயைத் திறக்கிறது, ஓசை வருவதில்லை. பசும்பாலைக் காய்ச்சி ஆற்றித் தட்டில் வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பஞ்சில் நனைத்து வாயில் பிழியலாமா? எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம் காலையில்தான் திறக்கும்.

சாம்பல்வால் | நவம்பர் 18, இரவு 8.02

இப்போது எதையும் ஊட்டாதீர்கள். முதலில் உங்கள் சுண்டுவிரலைக் குட்டியின் வாய்க்குள் மெல்ல விட்டுப் பாருங்கள். உட்பக்கம் குளிர்ந்திருந்தால் குடலும் ஏறக்குறைய நின்றுபோயிருக்கிறது என்று கொள்ளுங்கள். அந்நிலையில் உள்ளே போகும் பால் செரிக்காது, வயிற்றில் தேங்கிப் புளிக்கும். விழுங்கும் வலுவும் இல்லாததால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. நான் பதினோரு ஆண்டுகளாகத் தெருக்குட்டிகளை வளர்த்து வேறு வீடுகளுக்குக் கொடுத்துவருகிறேன். தொடக்க காலத்தில் நான் இழந்த குட்டிகளில் பல பசியால் சாகவில்லை, குளிர்ந்த உடம்பில் நான் அவசரப்பட்டு ஊற்றிய பாலால்தான் செத்தன என்று இன்று எனக்குத் தெரிகிறது.

ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுங்கள். அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் சூடு இருக்கட்டும்; மறு பாதி வெறுமனே இருந்தால், சூடு மிஞ்சும்போது குட்டி தானே நகர்ந்துகொள்ளும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் தடித்த துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள். அதைவிட நல்லது அரிசி ஒத்தடம்: ஒரு குவளை அரிசியை வெறும் சட்டியில் வறுத்து, பழைய காலுறைக்குள் கொட்டி முடிச்சுப் போட்டு, உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுகமாக இருக்கும் சூடுதான் அதற்கும் சரி. மெதுவாகச் சூடேற வேண்டும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். அடுப்புக்கு அருகில் வைப்பதும், முடி உலர்த்தியை நேராகப் பிடிப்பதும் தோலை வேகவைத்துவிடும்.

வாய் வெதுவெதுப்பானதும், சர்க்கரை கரைத்த நீரை விரல் நுனியில் தொட்டு ஈறில் தடவுங்கள். தடவுவது மட்டுமே, ஊற்றுவது அல்ல.

திண்ணை | நவம்பர் 18, இரவு 8.31

இவ்வளவு பெரிய சடங்கு தேவையா என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகளாகப் பூனைகள் இருக்கின்றன. அம்மா பசும்பாலில் சோற்றைப் பிசைந்து தாழ்வாரத்தில் வைப்பார். தின்னும், வளரும், எலி பிடிக்கும். தராசும் கிராம் கணக்கும் நாங்கள் கண்டதில்லை.

சாம்பல்வால் | நவம்பர் 18, இரவு 8.44

திண்ணை ஐயா, உங்கள் அம்மா வைத்த பால்சோற்றைத் தின்ன வந்தவை தாயிடம் ஆறு ஏழு வாரம் குடித்து வளர்ந்த குட்டிகளாக இருந்திருக்கும். மீதியை அவை எலியிலும் ஓணானிலும் ஈடு செய்துகொண்டன. பிழைத்துத் தாழ்வாரத்துக்கு வந்தவற்றை மட்டுமே நாம் பார்த்தோம். பரண் மேலும் வைக்கோல் போருக்குள்ளும் முடிந்துபோனவற்றை யாரும் எண்ணவில்லை.

பசும்பாலில் புரதம் ஏறக்குறைய மூன்றேகால் விழுக்காடு. பூனைத் தாய்ப்பாலில் அதைப்போல் இருமடங்குக்கு மேல். ஆகவே வயிறு நிறையும், உடம்பு நிறையாது. போதாக்குறைக்கு அதிலுள்ள லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை பல குட்டிகளுக்குக் கழிச்சலைக் கொண்டுவரும். கொழுத்த குட்டிக்கு ஒரு நாள் கழிச்சல் ஒன்றும் செய்யாது. 290 கிராம் உள்ள இந்தக் குட்டிக்கு அது ஓர் இரவில் முடிந்துவிடும் கதை.

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர் | நவம்பர் 18, இரவு 9.10

முப்பத்தொரு ஆண்டுகள் அரசுக் கால்நடை மருந்தகங்களில் பணியாற்றியவன். பெரும்பாலும் மாடுகள்தாம்; பூனைகளைப் பார்த்த அனுபவமும் உண்டு. நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன், பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது வயது. முன்பற்கள் ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலும், கோரைப்பற்கள் அதையடுத்து நான்காம் வாரத்துக்குள்ளும் முளைக்கும். கோரைப்பல்லுக்குப் பின்னால் கடைவாய்ப் பற்கள் தலைகாட்டத் தொடங்கியிருந்தால் ஐந்து வாரம் என்று மதிப்பிடலாம். அப்படியானால் இந்தக் குட்டி 600 கிராமை ஒட்டி இருந்திருக்க வேண்டும். பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருக்கும் குட்டி வாரத்துக்கு 100 கிராம்போல ஏறும் என்பது நினைவில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு. உங்களிடம் இருப்பது இரண்டு வாரக் குட்டியின் எடையில் ஐந்து வாரக் குட்டி.

இரண்டாவது ஈறு. வெளிர் ரோஜா நிறம் நல்லது. வெள்ளைத்தாள்போல வெளுத்திருந்தால் இரத்தசோகை. இந்த வயதில் அதற்குப் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியே காரணம். ஈறைத் தொட்டால் வழவழப்பாக இல்லாமல் விரலில் ஒட்டினால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனையை மெலிந்த குட்டியிடம் நம்பாதீர்கள். கொழுப்பே இல்லாத தோல் எப்படியும் மெதுவாகத்தான் திரும்பும்.

உப்பிய வயிறு குடற்புழுவின் அடையாளமாக இருக்க வாய்ப்பு மிகுதி. பூனையின் உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் இன்று இரவே புழு மருந்து வாங்கிக் கொடுக்கப் புறப்படாதீர்கள். சூடு திரும்பி, இரண்டொரு நாள் உணவு உள்ளே தங்கிய பிறகு, எடை பார்த்து ஒரு மருத்துவர் அளவு சொல்ல வேண்டிய மருந்து அது.

வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, மூன்று மணி நேரம் சூடேற்றியும் தலை தூக்காவிட்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். எந்த ஊரில் மருத்துவர் கிடைத்தாலும் தூக்கிக்கொண்டு போங்கள்.

வெண்ணாறு | நவம்பர் 19, நள்ளிரவு 12.20

அரிசி ஒத்தடம் வேலை செய்தது. பத்தரை மணிக்கு மின்சாரம் போய்விட்டது. ஆயினும் அடுப்பில் அரிசி வறுக்க மின்சாரம் எதற்கு என்று அம்மாவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றித் தருகிறார். பதினொன்றே முக்காலுக்கு வாய் வெதுவெதுப்பாக இருந்தது. சர்க்கரை நீர் தடவியதும் நாக்கை நீட்டி என் விரலை நக்கியது. ஈறு வெளிறியிருக்கிறது, ஆனால் தாள்போல வெள்ளை அல்ல. கீழ்த்தாடையில் இரு பக்கமும் கடைவாய்ப் பல் முனை தட்டுப்படுகிறது.

பூனைக்கான பால்பொடி தஞ்சாவூரில்தான் கிடைக்கும், அதுவும் நாளைக்கு. பக்கத்து வீட்டில் ஆட்டுப்பால் இருக்கிறது. கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம்?

சாம்பல்வால் | நவம்பர் 19, நள்ளிரவு 12.34

ஒரு நாளைத் தள்ளுவதற்குக் காய்ச்சிய ஆட்டுப்பால் பரவாயில்லை. அதையே வழக்கமாக்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஊசி நீக்கிய சிரிஞ்சு வேண்டும். 2 மில்லியாக இருந்தால் கை கட்டுப்பாட்டில் இருக்கும். குட்டியை மனிதக் குழந்தைபோல மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. மேசைமேல் துண்டை விரித்து, நான்கு கால்களும் கீழே பட, தாயின் வயிற்றில் முட்டிக் குடிப்பதைப்போல அது குப்புற இருக்க வேண்டும். தலையை அண்ணாத்தவும் கூடாது. சிரிஞ்சை வாயின் ஓரமாக நுழைத்து, நாக்குமேல் ஒரு சொட்டு விட்டு, அது விழுங்கும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த சொட்டு. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்திப் பிடியுங்கள்.

ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லி என்பது வயிறு தாங்கும் அளவு. இதற்கு 12 மில்லிக்குள். பட்டினி கிடந்த குட்டிக்கு இன்று அதில் பாதி போதும்: 5 அல்லது 6 மில்லி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளைக்கு மொத்தம் ஏறக்குறைய 60 மில்லி வரை போக வேண்டியிருக்கும், ஆனால் அதை மூன்று நாட்களில் எட்டினால் போதும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், உணவுக்கு முன்பு எடை பார்த்து எழுதி வையுங்கள்.

வெண்ணாறு | நவம்பர் 19, காலை 9.15

294 கிராம். இரவில் மூன்று முறை குடித்தது, ஒரு முறை தானாகச் சிறுநீர் கழித்தது. நல்ல மஞ்சளாக இருந்தது.

எடை பார்க்கும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டுவிட்டார். மளிகை மண்டியில் கணக்கெழுதியவர் அவர். பரணிலிருந்த பித்தளைப் படியை இறக்கி, உள்ளே துணி விரித்து, தராசில் வைத்துச் சுழியாக்கி, அதற்குள் குட்டியை இறக்குகிறார். விளிம்பில் இரண்டு காதுகள் மட்டும் தெரிகின்றன. பெயரும் அவரே வைத்துவிட்டார்: முந்திரி. என் மகள் முந்திரிப்பருப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா சொல்வது பழைய கீழ்வாய் இலக்கத்து முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. 320 கிராம் ஆனதும் ஒரு முழு எண் ஆகிவிடும் என்று அவர் ஒரு கணக்குச் சொல்கிறார், எனக்கு விளங்கவில்லை.

யாழ்_பனைநிழல் | நவம்பர் 19, காலை 10.40

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகின்றேன். உங்கள் வீட்டில் வேறு பூனைகள் உள்ளனவா என்று எவரும் கேட்கவில்லை. இருந்தால் குட்டியைத் தனி அறையில் வையுங்கள். சென்ற ஆண்டு நான் வீதியிலிருந்து எடுத்துவந்த குட்டி மூன்றாம் நாள் வாந்தியும் காய்ச்சலுமாக விழுந்தது. பான்லூக்கோபீனியா என்ற பூனை வைரசு நோய் என்று வைத்தியர் சொன்னார். குட்டி செத்ததோடு அது நிற்கவில்லை. தடுப்பூசி போடாத எங்கள் பழைய பூனையையும் கொண்டுபோய்விட்டது. அந்த வைரசு வீட்டுக்குள் ஓராண்டு வரைகூட உயிரோடு கிடக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அறையைத் துடைக்கும் மருந்திலும் கவனம் வேண்டும். பினாயில், டெட்டால் போன்றவற்றைப் பூனையின் ஈரலால் முறித்து வெளியேற்ற முடியாது. அவை பாதத்தில் பட்டு, நக்கும்போது உள்ளே போய்விடும். சலவைக்குப் பயன்படுத்தும் குளோரின் பிளீச்சை ஒரு பங்குக்கு முப்பது பங்கு நீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, கழுவி, ஈரம் உலர்ந்த பின்னர் குட்டியை விடுங்கள்.

பீளைக்குக் காய்ச்சி ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, சிறிது நேரம் கண்மேல் வைத்து ஊறவிட்டுத் துடைப்பதே போதும். வீட்டில் மீந்து கிடக்கும் கண் மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, குட்டியின் கண்ணில் புண்ணும் இருந்தால் பார்வையே போய்விடும்.

வெண்ணாறு | நவம்பர் 19, இரவு 8.20

வேறு பூனை இல்லை. பால்பொடி வந்துவிட்டது. இன்று இன்னொன்றையும் கண்டோம்: கழுத்து மயிரை ஒதுக்கினால் கருப்பு மிளகுத்தூள் தூவியதுபோல இருக்கிறது. அம்மா வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். பக்கத்து வீட்டார் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துத் தடவச் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர் | நவம்பர் 19, இரவு 8.52

அந்தத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் உதிர்த்துப் பாருங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். அந்தச் சிவப்பு உங்கள் குட்டியின் இரத்தம்தான்.

இரண்டு வைத்தியமும் வேண்டாம். கற்பூரம் பூனைக்கு நஞ்சு. எண்ணெய் எதைத் தடவினாலும் அது நக்கி உள்ளே அனுப்பிவிடும். கடையில் நாய்க்கென்று விற்கும் மருந்தை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும்; நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு பூனையை வலிப்பில் தள்ளிக் கொன்றுவிடும். பூனைக்கான சொட்டு மருந்துகளிலும் பெரும்பாலானவை எட்டு வாரத்துக்கு மேற்பட்டவற்றுக்கு உரியவை.

இந்த வயதுக்குப் பேன்சீப்பு போதும். அருகில் சோப்புக் கலந்த நீரை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, சீவிச் சீவி அதில் முக்குங்கள், பூச்சி தப்பாது. முழுக்குளியல் இந்த எடையில் வேண்டாம், மீண்டும் குளிர்ந்துவிடும். படுக்கைத் துணிகளை நாள்தோறும் வெந்நீரில் அலசுங்கள்.

வெண்ணாறு | நவம்பர் 21, இரவு 9.05

நேற்று 306, இன்று 319. முதல் அமர்வில் பதினேழு, நேற்று ஒன்பது, இன்று நான்கு என்று சீப்பில் பூச்சிகள் குறைந்துவருகின்றன. கத்தலுக்குக் குரலும் வந்துவிட்டது. 320-க்கு ஒரு கிராம்தான் குறைவு என்று அப்பா தராசைத் தட்டிப் பார்த்தார்.

வெண்ணாறு | நவம்பர் 22, காலை 7.30

பெரிய தவறு செய்துவிட்டேன், மறைக்காமல் எழுதுகிறேன். நேற்று இரவு முந்திரி கத்திக்கொண்டே இருந்தது. பசி என்று எண்ணி, பத்து மணிக்கு 12 மில்லிக்குப் பதிலாக 25 மில்லி கொடுத்தேன். ஒன்றரைக்கும் நான்கரைக்கும் அப்படியே. பாலையும் சற்றுக் கெட்டியாகக் கரைத்தேன். காலையில் அப்பா படியைத் தராசில் வைக்கும்போது 320-ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தரை மணியிலிருந்து நீராய்ப் போகிறது, மஞ்சளாக, புளித்த வாடையோடு. எடை 302. அப்பா எதுவும் சொல்லவில்லை. எண்ணை எழுதிவிட்டுத் தராசைத் துடைத்து வைத்தார்.

மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான கழிச்சல் சிரப்பும், உடம்பு சுட்டால் கொடுக்கச் சொல்லி ஒரு காய்ச்சல் சொட்டு மருந்தும் தந்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர் | நவம்பர் 22, காலை 7.41

இரண்டையும் கொடுக்காதீர்கள். அந்தக் காய்ச்சல் மருந்து பாராசிட்டமால்தானே? பூனைக்கு அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பேறிச் செத்துப்போகும். புட்டியைக் குட்டி இருக்கும் அறையிலேயே வைக்காதீர்கள்.

குட்டியைச் சூடாக வைத்துக்கொண்டு இப்போதே புறப்படுங்கள். உங்கள் பகுதியிலிருந்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். புதிதாகப் போன மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப் போங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மிகையாக ஊட்டியது மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சாம்பல்வால் | நவம்பர் 22, காலை 8.10

மனம் விட்டுவிடாதீர்கள். இதே தவறை நான் ஒருமுறை அல்ல, பலமுறை செய்திருக்கிறேன். கத்துவதெல்லாம் பசி அல்ல. ஒத்தடம் ஆறிப்போனாலும் கத்தும், தனிமையிலும் கத்தும். இரவில் கத்தினால் முதலில் அரிசிப் பையைத் தொட்டுப் பாருங்கள். பால்பொடியை டப்பாவில் குறித்த அளவைவிடக் கெட்டியாகக் கரைப்பது ஊக்கம் கொடுப்பதாகத் தோன்றும், ஆனால் குடலில் நீரை இழுத்து உடம்பை வற்றவைக்கும்.

வெண்ணாறு | நவம்பர் 22, மாலை 6.15

போய்வந்தோம். மலத்தில் காக்சிடியா என்ற நுண்ணுயிரி இருந்தது. உருண்டைப் புழுவின் முட்டைகளும் இருந்தன. தோலுக்கடியில் சலைன் ஏற்றினார்கள். தோளில் சிறு திமில்போல நின்று மெல்ல வற்றியது. காக்சிடியாவுக்கு வாய்வழி மருந்து இன்றே தொடங்கியாயிற்று. புழு மருந்து மூன்று நாள் கழித்து, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கண்ணுக்குக் களிம்பு. பார்த்த மருத்துவர் வயது குறைந்த பெண். நான் எவ்வளவு ஊட்டினேன் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் என்னைத் திட்டாமல் அப்பாவின் நோட்டை வாங்கிப் பார்த்து, "இவரிடமே விட்டுவிடுங்கள்" என்றார்.

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர் | நவம்பர் 22, இரவு 7.30

நல்லது. காக்சிடியாவின் முட்டையுறை சாதாரணக் கிருமிநாசினிகளுக்குச் சாவதில்லை, பிளீச்சுக்கும் கேட்காது. கொதிக்கும் நீர்தான் மருந்து. மலம் போனதும் அள்ளிவிடுங்கள், கிடந்தால் மீண்டும் அதையே மிதித்து நக்கி நோயைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். மலம் கழிக்க, ஈரம் பட்டால் கட்டியாகும் கடை மண்ணை இந்த வயதில் வைக்காதீர்கள், குட்டி அதைத் தின்று பார்க்கும். ஆற்றுமணலோ கிழித்த செய்தித்தாளோ போதும்.

திண்ணை | நவம்பர் 23, காலை 11.00

தொடர்ந்து படித்துவருகிறேன். என் மருமகள் மூன்று மாதக் கர்ப்பிணி. வீட்டில் பூனை இருக்கிறது. இந்த நுண்ணுயிரி அவளுக்கு ஆபத்தா? என் பேரனை நேற்று அந்தப் பூனை பிறாண்டியும்விட்டது.

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர் | நவம்பர் 23, பகல் 12.20

பூனையின் காக்சிடியா மனிதரைத் தொற்றாது. கர்ப்பிணிகள் அஞ்ச வேண்டியது டாக்சோபிளாஸ்மா என்ற இன்னொரு நுண்ணுயிரிக்கு. மலத்தில் வெளிவரும் அதன் முட்டையுறை தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும்; ஆகவே நாள்தோறும் மணலை மாற்றினாலே பெருமளவு தப்பலாம், அதையும் வீட்டில் வேறொருவர் செய்யட்டும். பூனையை விரட்ட வேண்டியதில்லை. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் இதே நோயைத் தரும் என்பதை மறந்துவிடுகிறோம்.

பேரன் விஷயத்தில் நேரம் கடத்தாதீர்கள். பிறாண்டிய இடத்தைச் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, இன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பூனையும் அந்த நோயைக் கடத்தும். வெண்ணாறு வீட்டாருக்கும் இது பொருந்தும்; முந்திரியின் பல் உங்களில் எவர்மீதாவது பதிந்திருந்தால் அலட்சியம் வேண்டாம்.

வெண்ணாறு | நவம்பர் 28, இரவு 8.40

ஐந்தாறு நாளாக எழுத நேரமில்லை. அப்பாவின் நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன். 23ஆம் தேதி 300. 24: 309. 25: 322. 26: 338. 27: 355. இன்று 371. கழிச்சல் 24ஆம் தேதியே நின்றது. புழு மருந்து கொடுத்த மறுநாள் நூலப்பம்போலச் சுருண்டு புழுக்கள் வந்தன. மகள் அன்று இரவு நூலப்பம் சாப்பிட மறுத்துவிட்டாள். 322-ஐக் கண்ட காலையில் அப்பா அதைச் சிவப்பு மையில் எழுதினார், அவ்வளவுதான்.

இப்போது சிரிஞ்சைக் கடிக்கிறது. தட்டில் வைக்கத் தொடங்கலாமா? அண்ணன் வீட்டில் நாய்க்கு வாங்கிய உலர் தீவனம் மூட்டையாக இருக்கிறது. ஊறவைத்துக் கொடுத்தால் ஆகாதா?

சாம்பல்வால் | நவம்பர் 28, இரவு 9.15

சிரிஞ்சைக் கடிக்கத் தொடங்கியதே தட்டுக்கு நேரம் வந்த அடையாளம். பூனைக்குட்டிக்கான ஈர உணவைப் பால்பொடிக் கரைசலில் கூழாகக் கரைத்து, தேநீர்த் தட்டு போன்ற ஆழமில்லாத தட்டில் வையுங்கள். முதல் இரண்டு நாள் தின்பதைவிட மிதிப்பதுதான் அதிகமாக இருக்கும். தின்றதும் ஈரத்துணியால் முகத்தையும் மார்பையும் துடைத்துவிடுங்கள். காய்ந்தால் தோல் புண்ணாகும். தட்டில் போதுமான அளவு தின்கிறது என்பதைத் தராசு சொல்லும்வரை சிரிஞ்சு உணவை முழுதாக நிறுத்தாதீர்கள்.

நாய்த் தீவனம் வேண்டாம். டாரின் என்ற சத்தை நாய் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். பூனைக்கு அது இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். டாரின் குறைந்த தீவனத்தால் பூனைகளின் இதயம் தளர்ந்து விரிந்துபோவதை 1987-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய பிறகே, பூனைத் தீவனங்களில் அதைக் கூட்டினார்கள். வீட்டுச் சமையல்தான் முடியும் என்றால் எலும்பு நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழி, கூடவே சிறிது கோழி ஈரல், அதுவும் சில நாட்களுக்கு மட்டும். குழம்பில் போட்ட மீன் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை உடைக்கும். மத்தி, நெத்திலி போன்றவற்றைப் பச்சையாகவும் கொடுக்காதீர்கள். அவை பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும்.

திண்ணை | நவம்பர் 29, காலை 7.50

பேரனுக்கு ஊசி போட்டாயிற்று. எங்கள் பூனைக்கு நாற்பது ஆண்டுகளாக மீன் குழம்புச் சோறுதான். இன்றைக்குக் குழம்பில் போடும் முன் மீனைத் தனியாக எடுத்து அவித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பூனை ஏற்றுக்கொண்டது, என் மனைவிதான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

யாழ்_பனைநிழல் | டிசம்பர் 5, மாலை 5.30

முந்திரி எப்படி இருக்கின்றது? தடுப்பூசிக்கு நாள் குறித்துவிட்டீர்களா?

வெண்ணாறு | டிசம்பர் 5, இரவு 8.10

இன்று 476. கண் தெளிந்துவிட்டது, ஆனால் நீலம் போய்ப் பச்சை கலந்து வருகிறது, இது நோயா என்று அம்மா கேட்கிறார்.

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர் | டிசம்பர் 5, இரவு 8.35

நோயல்ல, ஆறேழு வாரத்தில் குட்டியின் நீலக் கண் மாறி நிலையான நிறத்துக்கு வருவது இயல்பு. நம் வயதுக் கணக்கு சரிதான் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. எட்டு வாரம் நிறையும்போது, கழிச்சலோ காய்ச்சலோ இல்லாவிட்டால் முதல் தடுப்பூசியைப் போடலாம். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் தாண்டும்வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பதாலும், அது எந்த வாரத்தில் தேய்ந்து முடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதாலும்தான் இத்தனை முறை. வெறிநோய் ஊசி பன்னிரண்டாம் வாரத்தில்.

வெண்ணாறு | டிசம்பர் 9, இரவு 9.00

முதல் ஊசி இன்று போட்டாயிற்று. காலை எடை 541. எட்டு வாரக் குட்டிக்கு இது இன்னும் குறைவுதான் என்றார் அதே மருத்துவர். ஆனால் நாளுக்கு 15, 16 கிராம் என்று ஏறிக்கொண்டிருக்கும் கோட்டைப் பார்த்துவிட்டு, இதே தீவனத்தைத் தொடரச் சொன்னார்.

எடை பார்ப்பதில்தான் சிக்கல். முந்திரி இப்போது படிக்குள் அடங்குவதில்லை. பின்னங்கால்களை உள்ளே வைத்தால் முன்னங்கால்கள் தராசின் பொத்தானை அழுத்துகின்றன. அப்பா பரணில் ஏறி மரக்காலை இறக்கிக்கொண்டிருக்கிறார்.